இட்லிப் பானையில் வாழைக்குருத்து

அன்றைக்கு எங்கள் வீட்டு இட்லிப் பானையில் இட்லி இல்லை. விரல் அகலத்துக்கு நறுக்கிய வாழைக்குருத்துத் துண்டுகள்தான் தட்டில் கிடந்தன, ஒன்றின்மேல் ஒன்று படாமல்.

மூடியைத் தூக்கியதும் ஆவி முகத்தில் அடித்தது. பந்தியில் சுடுசோறு விழுந்ததும் இலையிலிருந்து கிளம்புமே, அந்த வாசனை. வெளிறிய பச்சையாக இருந்த குருத்து வெந்ததும் கரும்பச்சையாகி, பட்டுத் துணி மாதிரி துவண்டு போயிருந்தது. கொதிக்க வைத்த இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து, வெந்நீரில் அலசிக் காயவைத்த வெள்ளைத் துணிமேல் பரப்பினேன்.

பக்கத்து வீட்டுப் பாக்கியம் அக்கா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று எட்டிப் பார்த்தார். குருத்து அவர் வீட்டு வாழையில் வெட்டியது.

"ஏண்டி வசந்தா, தெனம் ஒரு எல வெட்டிக்கினு போறியே, உங்க வூட்டுல தெனமும் விருந்தா?"

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அண்ணியின் குரல் வந்தது.

"ஆமாண்டி, என் கைக்கு விருந்து. நீயும் வந்து ஒக்காரு. தாம்பூலம் வாங்காம போயிடாத."

பாக்கியம் அக்கா சிரித்துவிட்டு மறுநாளும் வெட்டிக்கொள்ளச் சொன்னார். ஆனால் கீழே தொங்குகிற இலையைத்தான் வெட்ட வேண்டும் என்றார். எங்களுக்கு வேண்டியதோ விரியாத குருத்து. அதற்கு ஒரு சண்டை போட்டோம். அது வேறு கதை.

போன வாரம் இந்தத் தொடரில், என் கல்யாணம் முடிந்து விருத்தாசலத்துக்கு வந்து இறங்கியது வரைக்கும் எழுதினேன். இந்த வாரம் மணிமுத்தாற்றில் நாங்கள் துணி துவைக்கப் போன கதையை எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. பேனாவை எடுத்தால் அண்ணிதான் வந்து நிற்கிறார். ஆடி மாதம் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். ஐப்பசி பிறந்துவிட்டது. இன்னும் காலையில் இரண்டு டம்ளர் டீ அதிகமாகப் போட்டுவிடுகிறேன். அண்ணிக்கு ஒரு டம்ளர் போதாது.

ஆகையால் இந்த வாரம் அண்ணியின் கையைப் பற்றி எழுதுகிறேன்.

கண் எழுதுகிறவர்

தனம் அண்ணி என் வீட்டுக்காரரின் அக்கா. நான் கல்யாணமாகி வந்தபோது எனக்குப் பதினேழு வயது, அண்ணிக்கு இருபத்தெட்டு இருக்கும். அண்ணியின் புருஷன் வேலைக்கு என்று நெய்வேலி போனவர், அங்கேயே வேறொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அண்ணி போய்ச் சண்டை போடவில்லை. தன் டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு தம்பி வீட்டுக்கு வந்துவிட்டார்.

வந்த மறுநாளே பீங்கான் பொம்மை செய்யும் ஷெட்டில் வேலைக்குப் போனாராம். "தம்பி வூட்டுல படுத்துக்குவேன், சோத்துக்கு என் கை இருக்குது" என்று சொன்னாராம். இதை அவர் என்னிடமும் அடிக்கடி சொல்வார், நான் குழம்பு ஊற்றும்போது குறிப்பாகச் சொல்வார்.

நானும் அதே ஷெட்டில்தான் வேலைக்குச் சேர்ந்தேன். வெள்ளை மண்ணைத் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் கூழாக வைத்திருப்பார்கள். அதைப் பிளாஸ்டர் அச்சுக்குள் ஊற்றுவோம். அச்சு மண்ணிலுள்ள தண்ணீரைக் குடித்துவிடும். கொஞ்ச நேரம் கழித்து மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு அச்சைப் பிரித்தால், உள்ளே பிள்ளையாரோ செட்டியாரோ ஈரமாக நிற்பார். அதைச் சுரண்டி, துடைத்து, காயவைத்து, சூளையில் சுட்டு, பளபளப்பு ஏற்றி, கடைசியில் வர்ணம் பூசுவார்கள்.

அண்ணி கண் எழுதுகிற வேலை பார்த்தார். ஷெட்டில் எத்தனையோ பேர் சேலை பூசுவார்கள், நகை பூசுவார்கள். கண்ணை மட்டும் அண்ணி கையில்தான் கொடுப்பார் முதலாளி. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி வைப்பார். அதுவரைக்கும் மண்ணாக இருந்தது நம்மைத் திரும்பிப் பார்க்கும்.

சங்கு ஊதி வேலை விட்டதும் நாங்கள் எல்லோரும் தலை முதல் கால் வரை வெள்ளையாக வெளியே வருவோம். பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "பவுடர் போட்டவங்க எல்லாம் பின்னாடி போங்க" என்று கத்துவார். அண்ணி விடமாட்டார்.

"நாங்க போட்டது வேலை செஞ்ச பவுடருய்யா. நீ போட்டிருக்கியே, அது இன்னா பவுடரு?"

கண்டக்டர் அப்புறம் எங்கள் பக்கம் திரும்பவே மாட்டார்.

ஈரச் சாக்கு

எனக்குக் கல்யாணமாகி வந்த இரண்டாவது கொலு சமயம். நவராத்திரிக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. சூளையை அணைத்து ஒரு ராத்திரிதான் ஆகியிருந்தது. சூளை பார்க்கிற மேஸ்திரி வாசல் செங்கல்லில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரு நா ஆறணும்" என்றார். முதலாளிக்கோ அதை வர்ணம் பூசி லாரியில் ஏற்றுகிற அவசரம். பிரிக்கச் சொல்லிவிட்டார்.

பொம்மைகளைச் சூளைக்குள் வெறுமனே வைக்க மாட்டார்கள். கனமான மண்பெட்டிகளில் அடுக்கித்தான் வைப்பார்கள். அந்தப் பெட்டிகளை வெளியே எடுக்க ஆள் போதவில்லை. கண் எழுதுகிறவர், அச்சு ஊற்றுகிறவர் என்று பார்க்காமல் எல்லோரையும் கூப்பிட்டார்கள். சூட்டுக்குச் சாக்கு கருகிவிடும் என்று யாரோ சாக்குகளைத் தண்ணீரில் நனைத்து வைத்திருந்தார்கள்.

அண்ணி ஈரச் சாக்கை வலது கையில் நன்றாகச் சுற்றிக்கொண்டு ஒரு பெட்டியை அடியில் பிடித்தார். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. நெருப்பு சுட்டால் கை தானாக இழுத்துக்கொள்ளும். இது சாக்குக்குள்ளேயே வெந்தது.

அண்ணி கத்தவில்லை. பெட்டியைக் கீழே போடவும் இல்லை. நாலு எட்டு நடந்து, குனிந்து, மெதுவாகத் தரையில் வைத்தார். உள்ளே ஒரு டஜன் கிருஷ்ணர்கள் இருந்தார்கள். அதற்கப்புறம்தான், "வசந்தா, இந்தச் சாக்க எடுடி" என்றார்.

சாக்கை எடுத்தேன். கை சிவந்து, விரல்களின் மேல்புறம் வெள்ளை வெள்ளையாகப் பொங்கிக்கொண்டிருந்தது.

நான் செய்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அண்ணியின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மண்கூழ்த் தொட்டிக்குள் முழங்கை வரைக்கும் முக்கினேன்.

தண்ணீர்க் குழாயும் அங்கேயே இருந்தது. பத்து எட்டில் இருந்தது.

எங்கள் ஷெட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சுடாத பொம்மையில் விரிசல் விழுந்தால் தூக்கிப் போடமாட்டோம். அதே மண்கூழைத் தொட்டுத் தடவி, விரலால் நீவிவிட்டால் விரிசல் போன இடம் தெரியாது. தினமும் அதைச் செய்து செய்து, எங்கள் தோலுக்கும் அதுதான் மருந்து என்று நினைத்துவிட்டோம். கை கீறினால் மண். கொப்புளம் வந்தால் மண். சின்னச் சூட்டுக்கு அது சரியாகவும் போயிருக்கிறது. அல்லது தானாக ஆறியதை மண் ஆற்றியது என்று சொல்லிக்கொண்டோம்.

"அய்யோ, ஜில்லுன்னு இருக்குதுடி" என்றார் அண்ணி. கண்ணை மூடிக்கொண்டு என் தோளில் சாய்ந்தார். "நல்லா இருடி நீ."

இன்றைக்கும் என்னைக் குத்துவது அந்த வாழ்த்துதான்.

சிலந்திக்கூடும் முட்டைத்தோலும்

எனக்குப் பிறந்த ஊர் கருவேப்பிலங்குறிச்சி. ஐந்தாம் வகுப்போடு ஸ்கூலை நிறுத்திவிட்டு என்னை ஆடு மேய்க்க விட்டார்கள். ஆடு மேய்க்கிற பிள்ளைக்குக் காயத்துக்கு என்ன குறைச்சல்?

அரிவாள் பட்டால் வரப்பில் கிடக்கிற வெட்டுக்காயப் பூண்டைப் பறித்து, உள்ளங்கையில் கசக்கி, சாற்றைப் பிழிவோம். சுரீர் என்று எரியும், ரத்தம் நிற்கும். ஒரு தடவை என் கணுக்காலில் ஆழமாக வெட்டிவிட்டது. அப்பா மாட்டுக் கொட்டகைக் கூரையிலிருந்து சிலந்திக்கூட்டைச் சுருட்டி எடுத்து அதன்மேல் அப்பினார். ரத்தம் நின்றது உண்மை. அதற்கப்புறம் பத்து நாள் சீழ் வைத்ததும் உண்மை. அப்பா முதல் பாதியை மட்டும்தான் ஊரெல்லாம் சொல்வார்.

கட்டி வந்தால் அம்மா முட்டையை உடைத்து, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கிற மெல்லிய தோலை உரித்து அதன்மேல் ஒட்டுவார். அது காய்ந்து இழுக்கும்போது கட்டி பழுத்து உடைந்துவிடும். எனக்கு அந்த முட்டைத்தோல் ரொம்பப் பிடிக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் தெரியும். மிச்ச முட்டையை எனக்கே பொரித்துத் தருவார்கள் என்பது இன்னொரு காரணம்.

இதையெல்லாம் பின்னால் நர்ஸிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை. "உங்க அம்மா செஞ்சது எனக்குப் புரியுது. உங்க அப்பா செஞ்சதக் கேட்டாத்தான் பயமா இருக்குது" என்றார். அந்த நர்ஸைப் பற்றிக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

மண் குடித்தது

கை வெந்த அன்றைக்கு அண்ணி அந்த மண்ணோடேயே வீட்டுக்கு வந்தார். வலி குறைந்திருக்கிறது, கழுவ வேண்டாம் என்றார். நானும் சரி என்றேன்.

விடிந்து பார்த்தால் கை பொம்மைக் கை மாதிரி இருந்தது. வெள்ளையாக, விறைப்பாக. அச்சு மண்ணிலிருந்து தண்ணீரைக் குடிக்கிற மாதிரி, மண் அண்ணியின் கையிலிருந்து குடித்திருந்தது. எனக்குப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. தினமும் பார்க்கிற வேலைதானே.

அண்ணி விரலை மடக்கப் பார்த்தார். மண் விரிசல் விட்டது. விரிசல் வழியாக ரத்தம் கசிந்தது. மண்ணோடு சேர்ந்து தோலும் பிய்ந்திருந்தது.

ரயில் ஜங்ஷன் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே அழைத்துக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரர் பொம்மை லாரி ஓட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார். டாக்டர் கையைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"யாரும்மா இதுல மண்ணப் போட்டது?"

அண்ணி என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நாந்தான் சார் கைய வுட்டேன். பழக்கதோஷம்."

"அறிவு இருக்குதா உனக்கு? சுட்டா தண்ணி ஊத்தணும்னு சின்னப் புள்ளைக்குத் தெரியுமே!"

"சின்னப் புள்ளைங்க எங்க சார் எங்ககூட வேல செய்யுது, சொல்லிக் குடுக்க?" என்றார் அண்ணி.

உப்புப் போட்டுக் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீரில் கையை ஊறவைத்து ஊறவைத்து மண்ணை எடுத்தார்கள். காலையில் ஆரம்பித்தது மத்தியானச் சோற்றுக்கு மணியடிக்கும் வரைக்கும் நடந்தது. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. ஊசி போட்டார்கள்.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "உயிருக்கு ஒண்ணும் இல்ல. ஆனா நாலு வெரலும் பக்கத்துல பக்கத்துல வெந்திருக்குது. ஆறும்போது ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுன்னா அந்தக் கை வேலைக்கு ஆகாது. பாத்துக்கங்க."

கண் எழுதுகிற கை. சோற்றுக்கு இருக்கிறது என்று அண்ணி சொன்ன கை.

நான் அண்ணியிடம் அதைச் சொல்லவில்லை. மண்ணைப் பற்றியும் பேசவில்லை. அண்ணியும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. என் குழம்பில் உப்பு அதிகம் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி சொல்கிறவர், நான் கோலம் போட்டால், "இது இன்னா, கோழி நடந்த எடமா?" என்று கேட்கிறவர், இதை மட்டும் சும்மா விடுவாரா? ஒருநாள் சொல்லிக் காட்டுவார், அன்றைக்கு என் வீட்டுக்காரரும் இருப்பார் என்று ஒவ்வொரு நாளும் எதிர்பார்த்தேன்.

ரோசம்மா சிஸ்டர்

ரோசம்மா சிஸ்டர் அந்த ஆஸ்பத்திரி நர்ஸ். என்னைவிட ஒரு வயது பெரியவராக இருந்தால் அதிகம். கட்டுப் பிரிக்கிற நேரத்தில் அண்ணி போடுகிற சத்தத்தில் அவருக்கும் கண் கலங்கிவிடும். கட்டுக்கு வைக்கிற வலைத்துணி காயத்தோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விட்டு எடுத்தாலும், புதிதாக முளைத்த தோல் அதோடு கூடவே வந்துவிடும். நேற்று ஆறியதை இன்றைக்குப் பிய்க்கிற மாதிரி.

ஒருநாள் பிரித்துவிட்டு டாக்டரிடம் போனார். "சார், எங்க ஊருல சூடு பட்டவங்கள வாழயெலயிலதான் படுக்க வெப்பாங்க. எல ஒட்டாது சார்" என்றார்.

"வேக வெச்சிக் கட்டு. பச்சையா வெக்காத" என்றார் டாக்டர்.

அன்றைக்கே இலைக்குப் போகவில்லை. காயத்தில் அங்கங்கே செத்த தோல் மஞ்சளாக ஒட்டியிருந்தது. அதை எடுக்கப் பப்பாளிக் காய் கொண்டுவரச் சொன்னார்கள். சிஸ்டர் அதைச் சுத்தமாகக் கழுவி, உள்சதையைச் சுரண்டி, செத்த தோல்மேல் மட்டும் வைத்துக் கட்டினார். நாலைந்து நாளில் அந்தத் தோல் நனைந்த காகிதம் மாதிரி தானாகக் கழன்றது. கறி வேகாவிட்டால் பப்பாளிக் காய் போடுவோமே, அது ஞாபகம் வந்தது. நான் அதைச் சொல்லித் தொலைத்துவிட்டேன்.

"பாத்துக்க சிஸ்டரு, என் கையக் கொழம்பு வெக்கப் பாக்குறா" என்றார் அண்ணி.

அப்புறம் தேன். மங்கலம்பேட்டையில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த ஒரு பாயிடம் நல்ல தேன் கிடைக்கும் என்றார்கள். பஸ் ஏறிப் போனேன். பாய் ஒரு பாட்டிலை எடுத்தார், என் முகத்தைப் பார்த்தார், திரும்ப வைத்தார்.

"சாப்புடவா தங்கச்சி, மருந்துக்கா?"

"காயத்துக்கு பாய். எங்க அண்ணி கைக்கு."

"அப்ப இது வேணாம். இதுல கொஞ்சம் பாகு சேந்திருக்குது." உள்ளே போய், துணி கட்டிய வேறொரு பாட்டிலைக் கொண்டுவந்தார். "இது எங்க வூட்டுக்குன்னு வெச்சது. எடுத்துக்கிட்டுப் போ. கை ஆறுனா வந்து சொல்லு."

பாகு கலந்ததைத் தன் வாயாலேயே ஒத்துக்கொண்ட கடைக்காரரை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

முதலில் தேனை மெல்லிசாகத் தடவ வேண்டும். அதன்மேல் வெந்து ஆறிய குருத்து, மழமழப்பான பக்கம் காயத்தில் படுகிற மாதிரி. அதன்மேல் சுத்தமான துணி. ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகச் சுற்ற வேண்டும். விரலுக்கும் விரலுக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் ஒரு துண்டு கட்டாயம் மடித்து வைக்க வேண்டும். அந்த இடத்தில் இலை கிழிந்தால், கிழிந்த வழியாகத் தோல் தோலைத் தொட்டுவிடும். தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

இரண்டு வாரம் ஆஸ்பத்திரியில் செய்தார்கள். காய்ச்சல் விட்டதும் வீட்டிலேயே செய்யச் சொல்லிவிட்டு, மூன்று நாளைக்கு ஒரு தடவை சிஸ்டர் சைக்கிளில் வந்து பார்த்தார். மிச்ச நாளெல்லாம் நான்தான்.

ஆரம்பத்தில் சொன்ன இட்லிப் பானை அப்படித்தான் அடுப்பில் ஏறியது. கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவுவேன். இலையின் நடு நரம்பை உரிப்பேன். நரம்போடு வைத்தால் மடக்கும்போது வெடித்துவிடும். கத்தரிக்கோலையும் வேகவைப்பேன். முதல் நாள் வீட்டில் கட்டுப் பிரித்தபோது அண்ணி பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் இலையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினேன். அது வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

அண்ணி இன்னும் முகத்தைத் திருப்பியே வைத்திருந்தார்.

"எடுக்கப்போறியா இல்லியாடி?"

"எடுத்துட்டேன் அண்ணி."

திரும்பிப் பார்த்தார். என் கையில் தொங்கிய இலையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார். அப்புறம் அவருக்கே உரிய மாதிரி, "அதான் இம்மா நேரமா?" என்றார்.

என் வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம். குருத்தின் நடுப்பகுதியைக் கைக்கு எடுத்துக்கொண்டு, மிச்சமிருக்கிற ஓரத்தில் அவருக்குச் சோறு போடுவேன். "கைக்கு நல்ல எல, எனக்குக் கிழிஞ்ச எலயா? ரசம் ஊத்துனா தரைக்குப் போவுது" என்பார். "தரையும் சாப்புடட்டும்டா, தெனம் கூட்டுறா இல்ல" என்பார் அண்ணி.

சப்பாத்தி

தோல் வந்தது. முதலில் ஓரத்தில் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. அந்தக் கோடு தினமும் கொஞ்சம் உள்ளே நகரும். குளம் வற்றுகிற மாதிரி காயம் சுருங்கியது. தினமும் காலை வெளிச்சத்தில் கையை வைத்து நானும் அண்ணியும் பார்ப்போம். எங்களுக்குள் சண்டையில்லாத நேரம் அது ஒன்றுதான்.

ஆனால் மூடியது வேறு, மடங்குவது வேறு. புதுத்தோல் விறைப்பாக இருந்தது. சிஸ்டர் தேங்காயெண்ணெய் தடவி நீவச் சொன்னார். கோதுமை மாவு பிசையச் சொன்னார். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் சப்பாத்தி சுட்டதே இல்லை. அந்த இரண்டு மாதம் சப்பாத்திதான். அண்ணி அழுதுகொண்டே பிசைவார், வலி தாங்காமல். பிசைந்து முடித்ததும் அதில் ஒரு மூக்கு, இரண்டு காது பிடித்து, "இது உன் புருஷன்" என்று என்னிடம் நீட்டுவார். நான் அதைத் தேய்த்துச் சுடுவேன்.

ஷெட்டில் கண் எழுதும் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தார்கள். ஒருநாள் நான் ஒரு பிள்ளையாரை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினேன். அண்ணி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கண்ணு கோயிலப் பாக்குது, ஒரு கண்ணு ஜங்ஷனப் பாக்குது. பாவம், எந்த ரயிலுக்குப் போவாரு இவுரு?"

பங்குனி வாக்கில் அண்ணி திரும்ப வேலைக்குப் போனார். நாலு விரலுக்கு நடுவிலுள்ள மூன்று இடுக்கில் இரண்டு நன்றாகப் பிரிந்து வந்துவிட்டன. மோதிர விரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவில் மட்டும், அடியில், வாத்துக்கால் மாதிரி ஒரு சின்னச் சவ்வு நின்றுவிட்டது. அது நான் கட்டிய இடம். ஏதோ ஒரு நாள் நான் கவனிக்காமல் அங்கே இலை கிழிந்திருக்க வேண்டும். வெட்டிப் பிரிக்கலாம் என்றார் டாக்டர். "அது ரெண்டும் சேந்தே இருக்கட்டும் சார். தூரிகைக்கு மூணு வெரல் போதும்" என்று சொல்லிவிட்டார் அண்ணி.

மங்கலம்பேட்டைக்குப் போய்ப் பாயிடம் கை ஆறியதைச் சொன்னோம். அண்ணி கையை விரித்துக் காட்டினார். பாய் எங்கள் இரண்டு பேருக்கும் டீ சொன்னார்.

அவருக்குத் தெரியும்

அண்ணி எனக்கு அதைச் சொல்லிக் காட்டவே இல்லை. ஒரு வருஷம் போச்சு, இரண்டு வருஷம் போச்சு. எனக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. இரண்டையும் அந்தக் கைதான் குளிப்பாட்டியது. ஒவ்வொரு தடவையும் அந்தச் சவ்வு என் கண்ணில் படும். இன்றைக்குச் சொல்லிவிடலாம், "அண்ணி, நான்தான் முக்கினேன், என்ன மன்னிச்சிடுங்க" என்று கேட்டுவிடலாம் என்று வாய் வரைக்கும் வரும். அவர் அதற்குள், "பால் பொங்குது பாரு, எங்க பாத்துக்கினு நிக்கிற?" என்பார். போய்விடும்.

ஆடியில் படுத்தார். பன்னிரண்டு நாள். கண், நகம் எல்லாம் மஞ்சளாகிவிட்டது. அந்த வலது கையின் புதுத்தோல்தான் கடைசி வரைக்கும் மற்ற இடத்தைவிட வெளிறித் தெரிந்தது. அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அவர் போகப்போகிறார் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும். அதனால் கேட்கவில்லை.

உடலைக் குளிப்பாட்டும்போது, எங்கள் ஜில்லா மங்களூரிலிருந்து வந்திருந்த பெரியம்மா அந்தக் கையைத் தூக்கிப் பார்த்து, "இது இன்னா, வெரலு இப்பிடி இருக்குது?" என்று கேட்டார். எனக்கு அழுகை வெடித்துக்கொண்டு வந்தது. செத்ததற்கு அழுகிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் எல்லோரும் பஸ் ஏறிப் போனார்கள். மறுநாள் காலையில் என் வீட்டுக்காரர் கிணற்றடியில் லாரித் தார்ப்பாயைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"உங்க அக்கா கைய அன்னிக்கு மண்ணுல வுட்டது அவங்க இல்ல. நாந்தான்."

அவர் வாளியை நிமிர்த்தி வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும்."

"யாரு சொன்னா?"

"அக்காதான். நான் லாரியிலேர்ந்து எறங்கி நேரா ஆஸ்பத்திரிக்கி வந்தேன் பாரு, அன்னிக்கே சொல்லிடுச்சு. எனக்குக் கோவம் வந்திச்சு. வூட்டுக்குப் போய் ஒன்ன ரெண்டு கேள்வி கேக்கறேன்னு கெளம்புனேன். சட்டையப் புடிச்சி ஒக்கார வெச்சிச்சு."

"அப்புறம் ஏன் இத்தினி வருஷமா யாரும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"அது எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கிச்சு. கை ஆறி வேலைக்குப் போனப்பக் கேட்டேன், இப்பவாவது சொல்லட்டுமான்னு. வேணாம்னுடுச்சு."

தார்ப்பாயின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாக உதறினோம். அப்புறம்தான் மிச்சத்தைச் சொன்னார்.

"அன்னிக்கி ஆஸ்பத்திரியில இன்னா சொல்லிச்சு தெரியுமா? 'அவகிட்ட ஒண்ணும் கேட்டுப்புடாதடா. இனிமே எனக்குக் கட்டுப் போடப் போறது அவதான். நீ கேட்டா அவ கை நடுங்கும்'னு சொல்லிச்சு."